கடற்பக்கம் உருவிய கல்

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கலாம். ஆனால் இது நடந்தது. கீரி என்ற கடற்கரை ஊரில், போன கார்த்திகையில், ஒரு வியாழக்கிழமை. நேரங்கள் எல்லாம் சரியானவை. ஒரு நிமிடம் கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

சுவேதினி விஞ்ஞானப் பட்டதாரி. வேலைக்குக் காத்திருந்தாள். நாலு பேர் கூடினால் வாய் திறக்கமாட்டாள். அவளைப் பேசவைப்பவன் தம்பி றொட்னி ஒருவன்தான். படிப்பிக்கப் போகுமுன்பே அவளுக்கு ‘ரீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டான். அக்கா என்று அவன் கூப்பிட்டதே இல்லை.

வீட்டுப் பின்வளவில் நெருப்புக்குழி கட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு ஆசை. வளவு முடியும் இடத்தில் கடல். அங்கே ஒன்றரை அடி தோண்டினாள். மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. தண்ணீர் தெளித்து மறுபடி தோண்டினாள். கரையில் பொறுக்கிய கற்களைச் சுற்றி அடுக்கினாள்.

“ஆருக்கு ரீச்சர் கல்லறை?” என்றான் றொட்னி. கடலுக்குப் போகக் கிளம்பி, படகு எஞ்சினுக்கான எண்ணெய்க் கானோடு நின்றான்.

“ஈரக்கல்லு சூட்டில வெடிக்கும். மாத்தப்போறன்.”

“மாத்துங்கோ, மாத்துங்கோ. பின்னேரம் பாரை மீன் கொண்டு வாறன். கருக்கினால் நீங்கள்தான் தின்னவேணும்.”

அவனும் கூட்டாளி நிறோஜனும் காலை பத்து மணிக்குப் படகைத் தள்ளினார்கள். ஆறுக்கு முன் வந்துவிடுவார்கள். அம்மா பிரான்சிஸ்கா ஒரு செத்தவீட்டுக்கு வங்காலை போயிருந்தார்.

கழிப்பறை கட்டி மிஞ்சிய சீமெந்துக் கற்களைச் சுவேதினி மூன்று வரியாக அடுக்கினாள். 5:50க்கு மூட்டினாள். புகைந்தது. எரியவில்லை. காற்றுப் போக வழி விடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கடற்பக்கம், அடிவரியில், ஒரு கல்லை உருவினாள். வாடைக்காற்று உள்ளே புகுந்தது. நெருப்பு நிமிர்ந்தது.

6:20. படகு வரவில்லை.

6:40. மின்சாரம் போனது. கரை முழுக்க இருட்டு. மழை மூட்டம். றொட்னிக்குத் தொலைபேசி எடுத்தாள். தொடர்பு இல்லை. நடுக்கடலில் அப்படித்தான்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு பிந்தினால் வீட்டுக்காரர் கடலிலிருந்து தெரியும்படி நெருப்பு மூட்டுவார்கள். ஆள் வந்து சேரும்வரை அதை யாரும் அணைப்பதில்லை. சுவேதினிக்கும் அது தெரியும். ஆனால் இது மீன் சுட மூட்டிய நெருப்பு. இதை அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

7:12. தொலைபேசி அடித்தது. றொட்னியின் இலக்கம்.

“எங்க நிக்கிறாய்?”

“கிட்ட... அக்கா.”

அக்கா. பயந்துவிட்டான் என்று நினைத்தாள்.

“நெருப்பை அணை.”

“ஏன்?”

“இறங்குதுறையிலயும் நெருப்பு வைச்சிருக்கினம். ரெண்டு தெரியுது. உன்ர பக்கம் வந்தால் கல்லில ஏறீடுவம்.”

வளவுக்கு நேரே கடலில் பாறைத்திட்டு. அவன் சொல்வது சரி. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாள். ஸ்ஸ்ஸ்... புகை கண்ணை மறைத்தது.

அவன் பேசியபோது காற்றின் இரைச்சல் கேட்கவில்லை. அது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

7:19. மறுபடி அடித்தது.

“இன்னும் எரியுது.”

மண்ணை அள்ளிப் போட்டாள். கடலில் யாரோ கத்தியது போல... இல்லை. காற்று.

7:26.

“அக்கா... ஒரு கங்கு இருக்கு.”

அவள் நின்ற இடத்தில் எதுவும் தெரியவில்லை. சுற்றிப் போய்க் குனிந்தாள். கல்லை உருவிய ஓட்டைக்குள், மூக்குத்தி அளவில், சிவப்பு. கடலிலிருந்து பார்த்தால் தெரியும். ஆனால் இவ்வளவு சின்னது...

“தம்பி, நீ எங்க?”

“அணை.”

ஈரமணலை அள்ளினாள்.

அழுத்தினாள்.

அணைந்தது.

மறுமுனையில் ஒரு மூச்சு... பிறகு தண்ணீர்ச் சத்தம்.

பிறகு எதுவும் இல்லை.

விடியும்போது நிறோஜன் உயிரோடு கிடைத்தான். வெறும் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தான். றொட்னி மூன்றாம் நாள் கரையொதுங்கினான்.

ஆஸ்பத்திரியில் அவள் தன் தொலைபேசியை நீட்டினாள். மூன்று அழைப்புகள். நிறோஜன் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

“இது எப்பிடி? ரெண்டு மணிக்கே அவன்ர போன் தண்ணிக்குள்ள போயிட்டுது. வலை இழுக்கேக்க. நான் கண்ணால கண்டனான்.”

இறங்குதுறையில் அன்று யாருமே நெருப்பு மூட்டவில்லை. அதை அவள் முன்பே விசாரித்திருந்தாள்.

“எஞ்சின் நிண்டுபோச்சு, அக்கா. கையால தண்டு வலிச்சு வந்தம். கும்மிருட்டு. உங்கட நெருப்பைக் கண்டதும் அவனுக்குச் சிரிப்பு. ‘ரீச்சர் பாஸாகீட்டா. இனி அதுக்கு வலப்பக்கமாப் போனால் துறைதான்’ எண்டவன்.”

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“பிறகு அது அணைஞ்சுது. ரெண்டு பேரும் கத்தினனாங்கள். ஒரு கங்கு மட்டும் மிஞ்சிக் கிடந்தது. அதைப் பாத்துப் பாத்துத்தான் வலிச்சம். கிட்ட வந்திட்டம்... திடீரெண்டு இருட்டு. படகு கல்லில ஏறீட்டுது.”

நிறோஜன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“அதையும் ஆர் அக்கா அணைச்சது?”