முடிச்சு இடித்த விரல்

கொசு முனகுவது போல "ங்ஙீ" என்று ஒரு சத்தம். தீப்பெட்டியளவு நீல டப்பாவுக்குள்ளிருந்து வரும் அந்தச் சத்தம் இன்றும் எனக்கு இனிக்கிறது. ஒன்பதாம் வகுப்பில், அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் சார் திருச்சியிலிருந்து வாங்கிவந்த இரண்டு சர்வோ மோட்டார்கள் போட்ட சத்தம் அது. கீரமங்கலத்துப் பக்கம் பூத்தோட்டம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளான நானும் மேரியும், தானே திறந்து பாதியில் நிற்கும் கண்மாய் மடை ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். ஜெயித்தால் புதுக்கோட்டையில் மாவட்டப் போட்டி. அதை நினைத்தே எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊரில் கிணற்று மோட்டாரைச் சோதிக்க ஒரே வழிதான். "கையால சுத்திப் பாரு. லேசா சுத்துனா நல்ல மோட்டாரு, பாதியில நின்னா ஜாமு" என்பார் அப்பா. நாங்களும் சுற்றிப் பார்த்தோம். ஒன்று முழுதாகச் சுற்றியது, மற்றது அரைச் சுற்றோடு நின்றது. "இது ஜாம்டி" என்றாள் மேரி. நான் விடாப்பிடியாகத் திருக, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் "கடக்" என்று உடைந்தது.

நின்றதுதான் நல்ல மோட்டார், அரைச் சுற்றோடு நிற்பதே அதன் அமைப்பு என்று பிறகுதான் தெரிந்தது. சர்வோவுக்குள் மோட்டாரும், வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் பல்சக்கரங்களும், தண்டு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் உணரியும் உண்டு. சொன்ன இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் வித்தியாசம் தீரும்வரை ஒரு குட்டி மின்சுற்றுப் பலகை அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும். முழுதாகச் சுற்றிய மற்றதோ விடாமல் சுற்றும் வகை; அதற்கு வேகத்தைச் சொல்லலாம், இடத்தைச் சொல்ல முடியாது. பொம்மை வண்டிக்கு அது சரி, மடைக்கு ஆகாது.

எங்களிடம் மிஞ்சியது அதுதான். கண்காட்சியன்று காலை மடை திறந்தது, நிற்கவேயில்லை, மேசையெல்லாம் தண்ணீர். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மேரி மடையை இழுக்கும் நூலில் ஒரு முடிச்சுப் போட்டு, மேசைத்துணிக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டாள். நடுவர்கள் வந்தபோது, ஓடும் நூலில் விரலை வைத்திருந்தவள், முடிச்சு விரலில் இடித்த நொடியில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். மடை பாதியில் நின்றது. ஜெயித்தோம்.

"ஒடச்சது நான்தான்னு சார்கிட்ட சொல்லிரவாடி?" என்று கேட்டேன்.

"விடுடி, நின்னுச்சுல்ல" என்றாள்.

நான் சொல்லவேயில்லை.

இன்று ஒரு தொழிற்சாலையில், மாறுதிசை மின்னோட்டத்தில் ஓடும் பெரிய சர்வோக்களோடு என் பிழைப்பு. நேர்கோட்டில் நகரும் வகையும் அங்கே உண்டு. எல்லாம் மயிரிழை பிசகாமல் நிற்கின்றன. பத்தாவது முடிந்ததும் மேரியின் குடும்பம் திருப்பூர் போனது; பூத்தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனைக் கற்கள். அன்று எடுத்த போட்டோ மட்டும் என்னிடம் இருக்கிறது. அதில் நான் நடுவர்களோடு நின்று சிரிக்கிறேன்; மேசைத்துணிக்குக் கீழே மேரியின் கால்விரல்கள் இரண்டு தெரிகின்றன.