அண்ணன் வாங்காமல் விட்ட பிரேக் கட்டை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எழுதுகிற தம்பி ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எதை விட்டுவிடுவேனோ, யார் மனம் நோகுமோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சாமல்பட்டியில். அப்பா போனபின் அம்மாவையும் தங்கையையும் என்னையும் வேப்பனப்பள்ளிக்கு அழைத்து வந்து, கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். போக வர ஒரு மலிவான சைக்கிள். அதற்குச் சாமான் வாங்குவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வண்டியின் தரத்துக்கு மிஞ்சி எதையும் போடமாட்டார். சங்கிலி தேய்ந்தால் பல்சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுவார். பழைய பல்லில் புதுச் சங்கிலி நழுவும் என்பார். மணி, மட்கார்டு போனால் போகட்டும். டயரிலும் பிரேக் கட்டையிலும் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சைக்கிள் தருவதாகப் பேச்சு. புதிதுக்கு வழியில்லை. அண்ணன் பழைய வண்டி ஒன்றை வாங்கிச் சீர்செய்து, தன் வண்டிக்கென்று வைத்திருந்த புதுப் பிரேக் கட்டைகளை அதில் மாட்டினார். "பாப்பா பின்னாடி உக்காந்து போவப்போறாடா. எறக்கத்துல வண்டி நிக்கணும்" என்றார்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சம்பந்தி அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிரேக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை.

"ஏம்பா, லைட்டு இல்லாத வண்டியில எம்மவன் போனா, மாமியா வூட்ல கட்ட வண்டி குடுத்தாங்களான்னு கேப்பாங்க" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்த நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்துடலாம்ணா, குடுத்துடலாம்" என்றேன். தன் வண்டிக்கு வேறு கட்டை வாங்க வைத்திருந்த பணம் டைனமோ விளக்குக்குப் போயிற்று.

அதன்பின் தேய்ந்த கட்டைகளோடுதான் ஓட்டினார். கட்டை மாற்றவில்லையா என்று தினமும் கேட்டேன். "காலு எதுக்குடா இருக்குது, தேச்சு நிறுத்திக்கறேன்" என்று சிரித்தார்.

மாங்காய்ப் பருவத்தில் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், இறக்கத்தில் முன்னால் போன பாரவண்டி நின்றது. அண்ணன் வண்டி நிற்கவில்லை. இடுப்பு முறிந்து மூன்று வாரம் கிடந்தார். சம்பந்தி பேச்சை ஒரு நாளும் எடுக்கவில்லை. என்னையாவது திட்டியிருக்கலாம்.

அவரைத் தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரி சேர்த்த பாரவண்டிக்காரருக்கும், மாறி மாறிப் பக்கத்தில் இருந்த மண்டித் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சம்பந்தி வீட்டார் கருமாதிக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

அண்ணன் சைக்கிள் சும்மாதானே நிற்கிறது, எங்கள் இளையவனுக்குக் கொடுங்கள் என்று போன வாரம் சம்பந்தி வீட்டார் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். தங்கை அந்த வீட்டில் வாழவேண்டியவள் என்று இதை எழுதும்போதும் பயந்துகொண்டேதான் இருக்கிறேன். ஆனாலும் எல்லோரும் படிக்க அச்சிலேயே சொல்லிவிடுகிறேன்: தரமாட்டேன்.