வெட்சி சூடிய வெள்ளிக்கிழமை

ஓமான் நாட்டுச் சலாலாவில் நான் தொடங்கிய போர் மொத்தம் முக்கால் மணி நேரம் நடந்தது. எதிரி யாரென்று கடைசிவரை நாங்கள் முடிவு செய்யவில்லை. எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினொன்று. போருக்கு எதிரி அவசியம் என்றெல்லாம் அந்த வயதில் யாருக்குத் தோன்றும்?

தப்பு அம்மாவுடையது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் எங்கள் தமிழ் காணாமல் போய்விடும் என்று பயந்து, வெள்ளிதோறும் காலையில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவாள். அன்று நடத்தியது வெட்சி சூடுதல். அந்தக் காலத்து அரசன் போர் என்று முடிவெடுத்தால், அவன் வீரர்கள் முதலில் வெட்சிப் பூவைச் சூடிக்கொண்டு போய் எதிரி நாட்டு மாடுகளை ஓட்டி வருவார்களாம். அதனால் ‘வெட்சி சூடினான்’ என்றாலே போரைத் தொடங்கிவிட்டான் என்று பொருள். வெட்சி வேறொன்றுமில்லை, கீழே காம்பவுண்டு ஓரம் பூத்திருக்கும் இட்லிப்பூதான் என்றும் சொல்லிவைத்தாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அது கரீஃப் காலம். வளைகுடா முழுக்க வெயிலில் வேகும்போது சலாலா மலைகளில் மட்டும் சாரல் விழுந்து, புல் முளைத்து, மூடுபனி இறங்கும். மதியம் புளியோதரை கட்டிக்கொண்டு மலைக்குப் போனோம். அப்பாவும் அம்மாவும் பாய் விரித்த நேரத்தில், காதில் இட்லிப்பூ செருகிய நாங்கள் இருவரும், மேய்ந்துகொண்டிருந்த ஆறு மாடுகளை ‘ஹோ’வென்று விரட்டினோம். அவை ஓடிப் பனிக்குள் மறைந்தன. ஓட்டிக்கொண்டு வருவதுதான் பாடம். எங்களுக்கு ஓட்டிவிட மட்டுமே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் மாட்டுக்காரர் வந்துவிட்டார். மலையிலேயே வாழ்கிறவர். இடுப்பில் லுங்கி, வெறுங்கால், தோளில் ஒரு கம்பு, நரைத்த தாடி.

“பாய், பகர் மாஃபி?” என்று ஹிந்தியும் அரபியுமாக அப்பாவிடம் கேட்டார். மாடுகளைக் காணோமாம்.

அம்மா என் காதிலிருந்த பூவைப் பார்த்துவிட்டாள். “ஏங்க, இதுக ரெண்டும்தான் வெரட்டி விட்டிருக்குக. அந்தப் பக்கம் பள்ளம்ல இருக்கு” என்றாள். அப்பாவுக்கு முகம் வெளுத்தது. ஒரு மாடு விழுந்து, ஒரு புகார் போனால் போதும், அப்பாவின் வேலை, விசா, எங்கள் ஸ்கூல் எல்லாமே கலாஸ். அது எங்களுக்கும் தெரியும்.

அவர் யாரையும் திட்டவில்லை. சரிவின் ஓரம் போய் நின்று, கையை வாயருகே குவித்து ஒரு குரல் கொடுத்தார். பாட்டும் இல்லை, கூப்பாடும் இல்லை. நீளமாக, தாழ்ந்து போய்க்கொண்டே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கொடுத்தார். அப்போது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கொம்பு வந்தது. பிறகு ஒரு முகம், அதன் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றாக ஆறும் வந்து அவரைச் சுற்றி நின்றன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமி நேரில் வந்தால் இப்படித்தான் வரும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அதில் எனக்குப் பெரிய மாற்றுக்கருத்து இல்லை.

பிள்ளைகள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று மாட்டுக்காரர் கேட்டார். அப்பா தனக்குத் தெரிந்த அரபியில் வெட்சியை முழுவதும் விளக்கினார். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, மாடு என்ன பாவம் செய்தது என்றார்.

“பாவம்னுதாங்க முதல்ல ஓட்டிட்டுப் போறது. சண்டையில அதுக்கு அடிபடக் கூடாது. அதோட, சண்டை வருது, ஒதுங்குறவங்க ஒதுங்கிக்குங்கன்னு சொல்ற மாதிரியும் ஆச்சு” என்றாள் அம்மா. அப்பா அதையும் சொன்னார்.

அவர் சிரிப்பு நின்றது. ஒரு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே மெதுவாக ஏதோ சொன்னார்.

“நல்ல வழக்கம்ங்கிறார்” என்றார் அப்பா எங்களிடம். “அவங்ககிட்ட யாரும் சொல்லிட்டு வரலையாம்.”

அந்த மலைகளில் ஒரு காலத்தில் வருஷக்கணக்காகப் போர் நடந்தது என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு, கேட்காமல் மாட்டை ஓட்டியதற்காக அவர் எங்களைத்தான் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“சாரி தாத்தா. அடுத்த தடவை கண்டிப்பா சொல்லிட்டு வர்றோம்.”

இந்தச் சின்னப்பெண் என்ன சொல்கிறாள் என்று அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.