அக்கா கொடுத்ததில் வாழ்கிறேன்

அக்காவைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுத வேண்டியவன் நான்தான் என்று குடும்பத்தார் முடிவு செய்தார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாமா, அதாவது அக்காவின் கணவர், "நீதான் எழுதணும் மச்சான்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன பிறகு மறுக்க எனக்கு வாயில்லை.

அக்கா அனகாபுத்தூரில் பிறந்தார். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா தோல் கிடங்கில் வேலை செய்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே அப்பா காலமாகிவிட, அக்கா படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் கற்றுக்கொண்டார். பிறகு தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். நான் ஐ.டி.ஐ. முடித்து மறைமலை நகரில் ஃபிட்டராக வேலைக்குப் போனது அவர் தைத்த சட்டைகளால். பஸ் டிரைவராக இருந்த மாமாவைத் திருமணம் செய்துகொண்டு செம்பாக்கத்துக்குக் குடிபோன பிறகும், வாரம் தவறாமல் அம்மாவைப் பார்க்க வந்துவிடுவார்.

அக்காவின் விசுவாசம் சத்தமில்லாதது. ஆலயத்தில் சாட்சி சொல்லும் நேரத்தில் ஒவ்வொருவரும் பெரிய பெரிய அற்புதங்களைச் சொல்வார்கள். அக்கா எழுந்து, "இந்த வாரம் எங்க வீட்ல யாருக்கும் ஜுரம் இல்ல. கிணத்துல தண்ணி இருந்துச்சு. ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். சிலர் சிரிப்பார்கள். எனக்கே கூச்சமாக இருக்கும். "பெருசா ஒண்ணும் இல்லன்னா சும்மா இருக்கலாம்ல?" என்று ஒருமுறை கேட்டேன். "தண்ணி இருந்தது பெருசு இல்லியா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

எனக்கு இருபத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. டயாலிசிஸ் முடிந்து வந்தால் மாடிப்படி ஏற முடியாது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் பிழைப்பேன் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் அவர் கொடுக்க முடியாது. அக்காவுக்குப் பரிசோதனை செய்தார்கள். பொருந்தியது.

மாமாவுக்கு விருப்பமில்லை. அதில் தவறும் இல்லை. அவர்கள் மகள் அப்போதுதான் எல்.கே.ஜி.யில் சேர்ந்திருந்தாள். அவர்கள் வீட்டு முன்னறையில் நான் படுத்திருக்க, சமையலறையில் இருவரும் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"நமக்கு ஒரு பொண்ணு கீது. அது ஞாபகம் கீதா உனக்கு?"

"கீது. அதனாலதான் இவ்ளோ நாள் யோசிச்சேன். ஆண்டவர் எனக்கு ரெண்டு குடுத்துகிறாரு. ஒண்ணை எதுக்குக் குடுத்தாருன்னு இப்பத்தான் தெரியுது."

"உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"அவரு பாத்துப்பாரு. நீயும் இருக்கியே."

மறுநாள் மாமாவே அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் என்ன செய்தேன்? "வேணாங்க்கா" என்று வாயால் சொன்னேன். உள்ளுக்குள், அவர் பிடிவாதமாக இருக்க வேண்டுமே என்று ஏங்கினேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வேணான்னு சொல்லிட்ட. இப்ப சும்மா படு" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது.

அறுவை முடிந்ததும் நான் வேகமாகத் தேறினேன். அக்காதான் கஷ்டப்பட்டார். விலாவில் போட்ட தையல் மாதக்கணக்கில் இழுத்துப் பிடித்தது. அடிபம்பிலிருந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது ஒரு கணம் நின்று மூச்சு வாங்குவார். கம்பெனியில் மெஷினில் வேறு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள். அக்காவுக்கு நூல் பிசிறு வெட்டும் வேலைதான் கிடைத்தது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத் திருமணம் ஆனது, மகன் பிறந்தான், சிட்லபாக்கத்தில் சொந்தமாக வீடு கட்டினேன். ஒவ்வொரு நல்ல காரியத்திலும் அக்கா முன்னால் நின்று வேலை செய்தார். குனிந்து நிமிரும்போது அவர் கை தானாக விலாவுக்குப் போகும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

போன வருடம் ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. செம்பாக்கம் ஏரி நிரம்பித் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அக்கா அதில் நடந்துதான் வேலைக்குப் போய்வந்தார். காய்ச்சல் வந்தது. சாதாரண ஜுரம் என்று மாத்திரை போட்டுக்கொண்டார். கண் மஞ்சளாகி, சிறுநீர் போவது நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலிக் காய்ச்சல் என்றார்கள். மிச்சமிருந்த ஒரு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை.

டாக்டரைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டேன். "ரெண்டும் இருந்திருந்தா எங்க அக்காவுக்கு இப்படி ஆகியிருக்காதுங்களா சார்?"

"சொல்ல முடியாதுப்பா. இந்தக் காய்ச்சல் ரெண்டையும் சேர்த்தே தாக்கும்."

எல்லாரும் அவர் இரண்டாவதாகச் சொன்னதைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி ஆறுதல்படுத்துகிறார்கள். என் காதில் முதலில் சொன்னது மட்டும்தான் நின்றுவிட்டது.

அன்று மாலை அக்காவுக்கு நல்ல நினைவு இருந்தது. கட்டில் ஓரம் தலையை வைத்து அழுதேன். "என்னாலதான்க்கா."

"உன்னாலயா? ரொம்பப் பெரிய ஆளுதான் நீ" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு, "நான் அவரு கையிலதான் கீறேன். உனக்குக் குடுத்த அன்னிக்கும் அங்கதான் இருந்தேன். அழாத, போய்ச் சாப்புட்டு வா" என்றார்.

மறுநாள் ஆராதனை மணி அடிக்கும் வேளையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு நடந்ததையும் எழுத மாமா அனுமதித்திருக்கிறார். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்றுக்கொள்ள ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். அக்கா போன பிறகு அந்த மாத்திரையை என்னால் வாயில் வைக்க முடியவில்லை. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. கையில் எடுப்பேன், அக்கா முகம் வரும், திரும்ப வைத்துவிடுவேன். சாப்பிட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லிவிடுவேன். இப்படியே பல நாட்கள் போயின.

ஒருநாள் முற்பகலில் மாமா வந்தார். தாம்பரத்துக்குப் பக்கத்தில் அவர் ஓட்டிய பஸ் பழுதாகி நின்றுவிட்டதாம். டெப்போவிலிருந்து ஆள் வருவதற்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். உட்கார்ந்தவர் என் கால்களையே பார்த்தார்.

"இன்னா மச்சான், கால் வீங்கிக்கீது?"

கால்களை உள்ளே இழுத்துக்கொண்டேன். அவர் என் பழைய நோய்க்காலத்தை உடனிருந்து பார்த்தவர்.

"மாத்திரை போடுறியா இல்லியா?"

"முடியல மாமா."

எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவளுதுல உசுரோட கீறது ரெண்டுதான்டா. ஒண்ணு என் வூட்ல கீது, ஸ்கூலுக்குப் போவுது. இன்னொண்ணு உன்கிட்ட கீது. அதையும் நீ மண்ணுல போடப் பாக்குறியா? அது உன்னோடதா?"

ஆஸ்பத்திரியிலும் கல்லறைத் தோட்டத்திலும் அழாத மாமா, என் சட்டையைப் பிடித்தபடியே அழுதார். பிறகு அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் விழுங்கும்வரை எதிரில் நின்றார். அன்றே என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார்கள்.

அந்த பஸ் ஏன் அன்று, அந்த இடத்தில் நின்றது? அக்காவிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். எனக்கு அவ்வளவு விசுவாசம் இன்னும் வரவில்லை. குற்ற உணர்வும் போகவில்லை. அந்தக் கேள்வியையும் இந்தக் குற்ற உணர்வையும் வைத்துக்கொண்டுதான் ஞாயிறுதோறும் ஆலயத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவுக்கு இரத்தம் கொடுத்த கம்பெனித் தோழிகளுக்கும், வெள்ளத்தில் ஆட்டோவை இறக்கிய செம்பாக்கம் சகோதரருக்கும், இரவும் பகலும் உடனிருந்த சபையின் பெண்களுக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

இந்த மலரைக் கையில் வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டுக்காக ஜெபிக்கும்போது, மாமா சொன்ன அந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இந்த வருடம் ஏழாம் வகுப்புக்குப் போகிறது. இன்னொன்றுக்கு நான் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி