அவிநாசிபாளையம் வரை இரண்டு கார்கள்

எங்களிடம் இரண்டு பழைய கார்கள் இருந்தன. பெரியது டீசல், என்னுடையது. சின்னது பெட்ரோல், என் மனைவி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துச் சேர்த்து வாங்கியது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என் கார் மாதம் ஒருமுறை மெக்கானிக்கைப் பார்க்காமல் இருக்காது. அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் எங்களுக்குப் பத்திரிகை வந்துவிடும். அவள் கார் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றப் போவதோடு சரி. ஆனாலும் வண்டி என்றால் டீசல்தான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்டதில்லை.

மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனிக்குப் புதிதாக ஒரு நிட்டிங் மிஷின் வரவிருந்தது. அதற்கு இடம் வேண்டும். ஷெட்டில் நிற்கும் கார்களில் ஒன்று போயாக வேண்டும். எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கோ அந்தச் சின்னக் கார் இருந்ததால்தான் எங்கே போகவும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யலாம் என்றாள். அவிநாசிபாளையம் வரை ஓட்டுவது, பிந்தி வரும் காரை விற்பது என்று பேசி முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். நான் போய்ச் சேர்ந்து, டீ குடித்து, பேப்பரில் ராசிபலன்வரை படித்த பிறகுதான் அவள் வந்தாள். வண்டி இழுக்கவே இல்லை என்றாள். அதற்கும் வயதாகிவிட்டது என்று பெருந்தன்மையாக ஆறுதல் சொன்னேன். வீடு திரும்பியதும் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள்.

நான் முன்பே சொல்லிவைத்திருந்ததால், அன்று சாயங்காலமே வெள்ளகோவிலிலிருந்து ஒருவர் அவள் காரைப் பார்க்க வந்தார். பானட்டைத் திறந்தேன். இஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயின் வாயில் ரோஸ் நிறத்தில் ஒரு பனியன் துணி அடைத்திருந்தது.

அடைத்தவன் நான்தான். ஷெட்டில் எலியும் உண்டு, பறக்கும் பஞ்சும் உண்டு. அதனால் சனிக்கிழமை கம்பெனியைப் பூட்டும்போது பனியனுக்கு வெட்டியது போக மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டை உருட்டி இரண்டு கார்களுக்கும் அடைத்துவிட்டு, திங்கட்கிழமை எடுப்பது என் வழக்கம். அன்று காலையில் என் காரில் மட்டும் ஞாபகமாக எடுத்திருக்கிறேன். காற்றுப் புகும் துணி என்று சொல்லித்தான் நாங்கள் வியாபாரமே செய்கிறோம். அந்தப் புண்ணியத்தில் கார் நின்றுபோகவில்லை.

வந்தவருக்கு விஷயம் தெரியாது. துணியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். அவ்வளவு தூரம் துணியவில்லை, வெட்கமாக இருந்தது. சமையலறைக்குப் போய், துணியைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

"வாயை அடச்சு வெச்சும் அவிநாசிபாளையம் போயிட்டு வந்துருச்சுங்க. உங்க வண்டி வருமுங்களா?"

வெளியே வந்து, காத்திருந்தவரை என் டீசல் காரிடம் கூட்டிப்போனேன்.