புளி தின்ற ரிவால்வர்

மகள் ஓசூரில் வீட்டைப் புதுப்பிக்கிறாள். போன வாரம் குழாய் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரப் பெண் ஒரே குழாயை நாலு நிறத்தில் வரிசையாக வைத்துவிட்டு, "குரோம் பினிஷா, மேட் பிளாக்காம்மா? எதுவுமே துருப்பிடிக்காது" என்றாள். சின்ன விஷயம்தான். ஆனால் துரு என்றாலே எனக்குப் பழைய ஞாபகம். "புளித்தண்ணி பட்டா?" என்று கேட்டேன். அந்தப் பெண் மகளைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். உங்களிடமாவது சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி ஓசூர் பக்கம் பேரிகை ஊருக்கு வந்த புதிது. அணா போய் நயா பைசா வந்து, சந்தையில் எல்லோரும் குழம்பிக்கொண்டிருந்த சமயம். மாமனார் புளி வியாபாரி. சுற்றுப்பட்டில் இருக்கும் மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, கொட்டை நீக்கி, பெங்களூருக்கு லாரி ஏற்றுவார். வீடு முழுக்கப் புளி வாசம். சேலையில், தலையணையில், குடிக்கிற தண்ணீரில்கூட. அம்மா வீட்டுக்குப் போனால் என் தங்கை என்னை மோந்து பார்த்துவிட்டு, "ரசம் வந்திடுச்சு" என்று உள்ளே குரல் கொடுப்பாள்.

ஒருமுறை பெங்களூரிலிருந்து பணத்தோடு திரும்பும்போது மாமனாரை வழியில் திருடர்கள் மடக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் சேலத்துக்கு நடையாய் நடந்து லைசென்ஸ் எடுத்து, ஒரு ரிவால்வர் வாங்கினார். சீமைச் சரக்கு. நாவல்பழம் மாதிரி கருநீலமாக இருக்கும். யாரையும் தொட விடமாட்டார். வருஷத்தில் ஒருநாள், ஆயுத பூஜைக்கு மட்டும், தோட்டாக்களை எடுத்துப் பெட்டியில் பூட்டிவிட்டு வெறும் ரிவால்வரை வெளியே வைப்பார். தராசு, படிக்கல், அரிவாள், கடப்பாரையோடு அதற்கும் பூஜை.

அந்த வருஷம் தேய்த்து வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. "எல்லாத்தையும் பளபளன்னு தேச்சு வை" என்றார் அத்தை, என் மாமியார். பித்தளைத் தராசுத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். தங்கமாய் மின்னியது. அதே கையோடு ரிவால்வரையும் தேய்த்தேன். கறுப்புக் கறுப்பாக விட்டுக்கொண்டு வந்தது. எத்தனை வருஷத்து அழுக்கோ என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பாராட்டு கிடைக்கும் என்று வேறு நினைத்தேன், என் புத்தியைப் பாருங்கள். பொட்டு வைத்தேன், பூ வைத்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. விஜயதசமி காலையில் போய்ப் பார்த்தால் குழல் நெடுகக் குங்குமம். இவ்வளவா வைத்தோம் என்று முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. விரலால் தொட்டபோதுதான் சொரசொரப்பு தெரிந்தது. துரு.

இன்னும் பதினைந்து நாளில் லைசென்ஸ் புதுப்பிக்க, ரிவால்வரைத் தாலுகா ஆபீசில் காட்ட வேண்டும். அதில் பொறித்திருக்கிற நம்பர் தெரியாவிட்டாலோ, வைத்திருக்கிற லட்சணம் சரியில்லை என்றாலோ பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று ஊரில் பேச்சு. அப்புறம் மாமனார் வெறுங்கையோடுதான் பெங்களூர் போய் வர வேண்டும். அதுவும் யாரால்? நேற்று வந்தவளால். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு கோலார் போயிருந்தார். கூட நிற்க ஆளில்லை. நானே போய்ச் சொன்னேன்.

"என்னாத்துல தேச்ச?" என்றார் மாமனார்.

"புளியில, மாமா."

ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் புளியே என் துப்பாக்கியத் தின்னுடுச்சா" என்றார், மெதுவாக. கத்தியிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும். அத்தைதான் பேசினார். "புளில கொட்ட எடுக்கத் தெரியாம வந்தப்பவே நெனச்சேன்."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "நீயும் கெளம்பு. எத்தினி நேரம் ஊறுச்சுன்னு அந்தாளு கேட்டா நான் என்னாத்தச் சொல்றது?"

அந்தாள் ரஹீம் பாய். பெங்களூர் தண்டில், அதான் கன்டோன்மென்டில், பட்டாளத்துத் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவர். ஓசூரில் லைசென்ஸோடு கடை வைத்திருந்தார். பஸ்ஸில் மாமனார் மடியில் மஞ்சள் பை. பஸ் குலுங்கும்போதெல்லாம் என் கண் அதன்மேலேயே போனது.

பாய் மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "துப்பாக்கிக்கு ரசம் வெச்சது யாரு?" நான் தலையைத் தொங்கப் போட்டேன்.

"பழையபடி நீலம் போட்டா அழகு, சாப். ஆனா வேர்வ தாங்காது. பட்டாளத்துச் சாம்பல் கலரு போடலாம். எண்ணெயக் குடிச்சிட்டுக் கெடக்கும், மழைக்குப் பயமில்ல. புளி பட்டா அதுவும் போயிடும். நிக்கல் போட்டா புளி ஒண்ணும் பண்ணாது. ஆனா கீறல் விழுந்து உள்ள தண்ணி பூந்தா தோலு உரியும். மெருகு போடறப்ப நம்பரு தேயாமப் பாத்துக்கணும், அது என் பொறுப்பு."

"நிக்கலா? காபி டம்ளர் மாதிரி மின்னுமே. வர்றவனுக்குத் தூரத்துலயே தெரியுமே."

"தெரியட்டும். பாத்துட்டு ஓடுவான்."

மாமனாருக்கு நீலத்தை விட மனசில்லை. ஆபீசில் பழைய நிறத்தையே எதிர்பார்ப்பார்களோ என்றும் பயம். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாய் திருகாணியைக் கழற்றி மரப்பிடியை எடுத்தார். உள்ளே இரும்பு அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"மகளே, வெளிய இருக்கறதுதான் நீ பண்ணது. இது வருஷக்கணக்கா அரிச்சது. சாப், கைய நீட்டுங்க."

மாமனார் நீட்டினார். நகக்கண்ணெல்லாம் புளிக்கறை ஏறிய கை. பாய் அதைப் பிடித்து மோந்து பார்த்தார். "இந்தக் கையாலதான தெனமும் எடுக்கறீங்க?"

மாமனார் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. "நிக்கலே போடுங்க" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. பிடிக்குள் பார்த்ததை வீட்டுக்குப் போனதும் அத்தையிடம் சொல்லிவிடுவார், பாதி பாரம் இறங்கும். அத்தை வாசலிலேயே, "என்னா சொன்னான்?" என்று கேட்டார். "நிக்கல் போடறானாம்" என்றார் மாமனார். நான் கால் கழுவிக்கொண்டே அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். கழுவின காலையே திரும்பக் கழுவினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

ரிவால்வரைக் காட்ட மாமனார் ஆபீசுக்குப் போன நாளன்று நான் உலையில் அரிசி போட மறந்து, வெறும் தண்ணீரை வெகுநேரம் கொதிக்கவிட்டேன். சாயங்காலம் வந்து, "கண்ணாடி வெச்சு நம்பரப் பாத்தாங்க. முத்திரை போட்டுட்டாங்க" என்றார். அவ்வளவுதான். ஆனால் அதன்பிறகு அவர் ரிவால்வரை எடுக்கும்போதெல்லாம் முதலில் உள்ளங்கையில் கைக்குட்டையை விரித்துக்கொள்வார். அத்தை யாரிடமாவது என் புளிப் பெருமையைப் பேச ஆரம்பித்தால், அந்த நேரம் பார்த்து மூட்டைகளை எண்ணப் போய்விடுவார்.

மாமனார் போனதும் ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். திரும்ப வாங்க யாரும் போகவில்லை. பாய் கடை இருந்த வரிசையையே ரோடு விழுங்கிவிட்டது. பாயும் இல்லை. புளி போட்டுத் துப்பாக்கி தேய்த்தவள் என்ற பேர் மட்டும் கல்யாணத்துக்குக் கல்யாணம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. நானும் சிரித்துக்கொள்கிறேன். அந்த மரப்பிடிக்குள் இருந்ததைப் பார்த்த மூன்று பேரில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். நான் சொன்னால் சாக்கு என்பார்கள். சொல்ல வேண்டிய வாய் போய்விட்டது.