கரும்புச்சாறும் டைஃபாய்டு ஊசியும்

எங்கள் வீட்டில் மூன்று வாரம் தங்குவதற்காக ஒரு பையனுக்கு ஊசி போட்டுக் கூட்டிவந்தார்கள். பையன் என் அத்தை மகன், ஊர் மெல்போர்ன். எங்கள் வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது தெரு. கிறிஸ்துமஸுக்கு வருகிறோம், பிள்ளைக்கு டைஃபாய்டு ஊசி போட்டாயிற்று என்று அத்தை போனில் சாதாரணமாகத்தான் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டது அப்பாவின் தப்பு.

"ஏன், நம்ம வீட்டு சோறு என்ன விஷமா?" என்று போன் வைத்த பிறகு அம்மா கேட்டாள். அது சோற்றைப் பற்றிய விஷயமில்லை, வெளிநாட்டிலிருந்து இந்தப் பக்கம் பயணம் வருகிறவர்களுக்கு டாக்டர்களே சொல்வதுதான் என்று அப்பா விளக்கினார். விளக்காமல் இருந்திருக்கலாம். அம்மா பள்ளிக்கூட டீச்சர், அடுத்தவர் விளக்கம் அவளிடம் செல்லாது.

அவர்கள் வந்து இறங்கியதும் அம்மா பழிவாங்கத் தொடங்கினாள். கேன் தண்ணீரையே இருபது நிமிஷம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, "கொதிக்கவச்ச தண்ணிதான், பயப்படாம குடிங்க" என்று டம்ளர் டம்ளராக நீட்டினாள். அத்தை பாவம், ஒவ்வொரு தடவையும் தேங்க்ஸ் அண்ணி என்று சொல்லி வாங்கிக் குடித்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை மகன் ஒரு வயது இளையவன். அவனை வீட்டை விட்டு வெளியே எதுவும் தின்ன விடவில்லை. இது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. ஊசி என்பது கவசம். கவசம் மாட்டிய ஆளைச் சண்டைக்கு அனுப்பாமல் ஹாலில் உட்காரவைத்து கார்ட்டூன் காட்டுவது என்ன நியாயம்? எங்கள் ஊரில் எது குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று அத்தைக்குக் காட்டினால் அம்மாவின் மானமும் மீளும் என்று கணக்குப் போட்டேன். நோட்டு வாங்கப் போகிறோம் என்று சொல்லி அவனை ஜங்ஷன் கரும்புச்சாறு வண்டிக்குக் கூட்டிப்போனேன்.

வண்டிக்காரர் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கட்டையால் நொறுக்கிக்கொண்டே, "இன்னா பாப்பா, ஐஸ் தூக்கலா போட்டுடவா?" என்று கேட்டார். தூக்கலாகவே போடச் சொன்னேன். அத்தை மகன் முதல் மடக்கில் கண்ணை மூடினான். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு தடவை போனோம். இரண்டு தடவையும் அவன்தான் என் கையைப் பிடித்து இழுத்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளாகியும் விடவில்லை. அப்பா ஆபீஸ் போயிருந்ததால் அம்மாவும் அத்தையும் என்னையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். வெளியில் தண்ணீர், ஜூஸ், ஐஸ் ஏதாவது சாப்பிட்டானா என்று டாக்டர் கேட்டார். வாய்ப்பே இல்லை டாக்டர் என்றாள் அத்தை. நானே கொதிக்கவைத்துக் கொடுக்கிறேன் என்றாள் அம்மா. இரண்டு பேரும் ஒரே கட்சியில் நின்றது அன்றுதான். ஊசிகூடப் போட்டிருக்கிறோம் என்று அத்தை சேர்த்துச் சொன்னாள்.

"ஊசி போட்டா வரவே வராதுன்னு சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர். "தண்ணி, சாப்பாடு ரெண்டையும் பாத்துக்கத்தான் வேணும். பிளட் டெஸ்ட் எடுத்துடலாம்."

அவனை நானே கொன்றுவிட்டேன் என்று தோன்றியது. கரும்புச்சாறு, ஐஸ், மூன்று தடவை, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். அத்தை பேயறைந்த மாதிரி நின்றாள். அம்மா என் பக்கம் திரும்பியதும் அடி விழப்போகிறது என்று கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டேன். ஆனால் அடி விழவில்லை.

"நீயும் குடிச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

குடித்தேன் என்றேன். மூணு தடவையுமா என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். கூட்டாளி யார் என்று போலீஸ் விசாரிக்குமே, அப்படித்தான் விசாரிக்கிறாள் என்று நினைத்தேன்.

முடிவு வர மூன்று நாளானது. அந்த மூன்று நாளும் நான் சாப்பாட்டைத் தொடவில்லை, தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா பேப்பரோடு வந்தார். டைஃபாய்டு இல்லை, வெறும் வைரல் காய்ச்சல், காலையிலிருந்தே இறங்கவும் தொடங்கியிருந்தது. அப்பாடா! அத்தை சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து, "அண்ணி, ஒரு டீ போடுங்களேன்" என்றாள். அம்மா அத்தையின் தோளைத் தட்டிவிட்டுப் போய் டீ போட்டாள். சாதாரண டீ. தண்ணீர் எத்தனை நிமிஷம் கொதித்தது என்று அவளும் சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை. நான் கட்டிலுக்கு அடியில் போய் ஆசை தீர அழுதேன்.

அவர்கள் ஊருக்குப் போய் நாலு வாரம் கழிந்திருக்கும். அதுவரை தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மா என் கழுத்தில் கைவைத்துப் பார்ப்பாள். ஒரு சனிக்கிழமை என்னை அதே டாக்டரிடம் கூட்டிப்போய், எனக்கும் அந்த ஊசியைப் போடச் சொன்னாள். கடைசியில் கரும்புச்சாற்றுக்குத் தண்டனை வந்தேவிட்டது, இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்தாளே என்று எனக்கு ஆத்திரம். எந்த ஊருக்கும் போகாத எனக்கு எதற்கு ஊசி என்று கத்தினேன். அம்மா என் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டாள்.

எல்லாரும் ஊசி போட்ட பிள்ளையைச் சுற்றி நின்றபோது, ஊசி போடாத பிள்ளையும் அதே ஐஸைத்தான் தின்றிருக்கிறது என்று டாக்டர் அறையில் ஒருத்திக்கு மட்டும்தான் உறைத்தது என்பது அன்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாலாம் வகுப்புப் பெண்ணை மடியில் வைப்பார்களா, கிளாஸ் பசங்க யாராவது பார்த்தால் என்ன ஆவது என்று வீடு வரைக்கும் நெளிந்துகொண்டே வந்தேன்.